அண்ணன் சாவுக்கு வராதவருக்கு என்ன நோய்?

கேள்வி: நான் ஏற்காட்டில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சேலம் அஸ்தம்பட்டியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் நான் எழுதிய சிறுகதை ஒன்றை வாசித்தேன். நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதியவர், தோட்டம் கைமாறிய பிறகும் மலையை விட்டு இறங்காமல் தனியே குடியிருக்கிறார். யாரோடும் பேசமாட்டார். வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாரும் கேட்காமலே தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, அளவைத் தோட்டத்தின் பழைய பேரேட்டில் குறித்துவைப்பார். அம்மாபேட்டையில் அண்ணன் இறந்தபோது வரவில்லை. ஆனால் காரியத்துக்கு முந்தைய நாள் கடைசி பஸ்ஸில் இறங்கி, விடியுமுன் சமையலுக்கான விறகையெல்லாம் பிளந்து கொல்லையில் அடுக்கிவிட்டு, வீட்டார் எழுந்திருக்குமுன் போய்விடுகிறார். கதை இவ்வளவுதான்.

வாசித்து முடித்ததும் ஆளாளுக்கு நோய் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உளவியல் படிக்கும் மாணவி ஸ்கிசாய்டு ஆளுமை என்றார். வங்கி அதிகாரி ஒருவர் மனச்சோர்வு என்றார். என் மகன் ஆட்டிசம் என்றான். பெரியவர் ஒருவருக்குக் கோபம் வந்து, “தனியாக இருந்தாலே மாத்திரை எழுதிக் கொடுப்பீர்களா?” என்று எழுந்துவிட்டார். கடைசி வரிசை இளைஞர் ஒருவர் மட்டும், “எனக்கு ஆட்டிசம் என்று கல்லூரிக் காலத்தில்தான் கண்டுபிடித்தார்கள். இவர் என்னைப் போலவே இருக்கிறார். பெயரைச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்” என்றார். அவருக்காகவே, சேலத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து நோயின் பெயரைச் சொல்வதாக ஒரு பத்தியைச் சேர்த்தேன். மனம் ஒப்பவில்லை. மனநல மருத்துவரான உங்கள் தொழில் கண்ணுக்கு அவருக்கு என்ன நோய் என்று படுகிறது? தனிமையில் வாழும் பாத்திரங்களுக்கு இப்படிப் பெயர் வைப்பது சரியா? ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த மனிதர் முக்கால்வாசி என் சித்தப்பாதான். இப்போது வீட்டில் அவர் பேச்சு வந்தாலே என் மகன் நோய்ப்பெயரைச் சொல்லித்தான் பேசுகிறான்.
(பெயர் வேண்டாம், ஏற்காடு)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கதையில் வருபவருக்கு என்ன நோய் என்று என்னால் சொல்ல முடியாது. எந்த மனநல மருத்துவராலும் முடியாது. யாராவது சொன்னால் அவர் மருத்துவராகப் பேசவில்லை, உங்கள் வாசகர் வட்டத்தின் இன்னொரு உறுப்பினராகப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டாக்டர் பத்தியை எடுத்துவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிட்டு இறங்கும் மருத்துவர் என் தொழிலில் இல்லை. கதைகளில்தான் அடிக்கடி வருகிறார்.

“யாரோடும் சேரமாட்டேன் என்கிறார்” என்று ஒருவரை எங்களிடம் அழைத்து வருவது அன்றாடம் நடப்பது. நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்பதுதான். பாதி வழி அந்தப் பதிலிலேயே பிரிந்துவிடும். மூன்று வயதிலேயே மற்றப் பிள்ளைகளோடு விளையாடத் தெரியாமல், குக்கர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு, ஒரே பொருளைப் பற்றி ஓயாமல் பேசிய குழந்தை என்றால் ஒரு திசை. நாற்பது வயது வரை கடைவீதி, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று திரிந்தவர் ஆறு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டார் என்றால் முற்றிலும் வேறு திசை. பிறகு, கூட்டம் வேண்டாம் என்று இருக்கிறாரா, வேண்டும் ஆனால் பயம் என்று இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ள பலருக்குத் துணை மீது ஆசை நிறைய உண்டு, அதற்குப் போகும் பாதைதான் அவர்களுக்குக் கடினம். ஸ்கிசாய்டு என்று சொல்லப்படுபவருக்கு அந்த ஆசையே குறைவு, பாராட்டும் திட்டும் அவரைப் பெரிதாகத் தொடுவதில்லை. பக்கத்து வீட்டார் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று ஒதுங்குபவர் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்து சோர்ந்து கிடப்பவர் உண்டு. குடி உண்டு. மறதிநோயின் தொடக்கம் உண்டு. வெளியே இருந்து பார்த்தால் எல்லோரும் ஒரே ஆள்: தனியாக இருக்கிறார், பேசமாட்டார்.

இவையெல்லாம் கேட்டு முடித்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். இதனால் அவருக்கோ அவரை நம்பி இருப்பவர்களுக்கோ துன்பம் இருக்கிறதா, அன்றாட வாழ்க்கை கெட்டிருக்கிறதா? இல்லை என்றால் நாங்கள் பேனாவை மூடிவிட வேண்டும்.

உங்கள் கதாபாத்திரத்திடம் இதில் எதைக் கேட்பது? அவருக்கு மூன்று வயது என்று ஒன்று இருந்ததே இல்லை. நீங்கள் எழுதாத வரை அவருக்கு அம்மாவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அம்மாபேட்டைக்குக் கடைசி பஸ்ஸில் வந்தவர் விடியும் வரை எங்கே உட்கார்ந்திருந்தார் என்றுகூட நீங்கள் சொல்லவில்லை. (சொல்லாதீர்கள். படித்ததிலிருந்து நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.) கதையில் இல்லாததை வாசகர் தம் கையிலிருந்து போட்டு நிரப்பி, அதற்கு ஒரு பெயரும் வைக்கிறார். வங்கி அதிகாரி மனச்சோர்வு என்றாரே, அவர் தமக்குத் தெரிந்த யாரையோ நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

அந்தப் பேரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே வேலையைத் தவறாமல் செய்வதைப் பார்த்து உங்கள் மகன் ஆட்டிசம் என்றார். காப்பித் தோட்டக்காரர்களுக்கு மழையளவு என்பது விளையாட்டல்ல. மார்ச், ஏப்ரலில் விழும் கோடை மழை பட்டால்தான் மொட்டு விரியும், அது தவறினால் அந்த ஆண்டு மகசூல் படுத்துவிடும். வாழ்நாளெல்லாம் கணக்கெழுதியவர் தோட்டம் கைமாறிய பிறகும் மழையை எழுதுகிறார். இது நோயின் அடையாளமா, தொழில் பழக்கமா, கைமாறிப் போனதை ஒப்புக்கொள்ளாத பிடிவாதமா, அல்லது காலையில் எழுந்து செய்ய ஒரு வேலை வேண்டும் என்பதா? நான்குமாகவும் இருக்கலாம் என்பதால்தான் அந்தக் காட்சி நிற்கிறது. பெயரை வைத்த நொடியில் மற்ற மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் கவனித்தேன். நோய் சொன்னவர்களில் ஒருவர்கூட விறகைப் பற்றிப் பேசியதாக நீங்கள் எழுதவில்லை. அண்ணன் சாவுக்கு வராததைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காரியத்துக்கு வேண்டிய விறகைப் பிளப்பது என்றால் குளிரில் கோடரியைப் பிடித்து வியர்க்க வியர்க்கச் செய்யும் வேலை. சத்தத்தில் யாராவது விழித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு இருந்திருக்கும். அந்த மாணவியின் பாடப்புத்தகம் சொல்லும் ‘உறவுகளில் நாட்டமின்மை’ இந்த இடத்தில் எங்கே போயிற்று? ஒட்டாத சான்றை ஒதுக்கிவிட்டு ஒட்டுவதை மட்டும் எடுத்துக்கொள்வது ஆஸ்பத்திரியில் செய்தால் கெட்ட மருத்துவம். வாசகர் வட்டத்தில் செய்தால் கெட்ட வாசிப்பு.

சாவு வீட்டில் நடந்துகொண்ட விதத்தை வைத்து ஒருவரை எடைபோடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஆல்பெர் காம்யுவின் ‘அந்நியன்’ நாவல் 1942இல் வந்தது. அதில் மெர்சோ ஓர் அரேபியனைச் சுட்டுக் கொன்றதற்காகக் கூண்டில் நிற்கிறான். வழக்கறிஞர்களின் பேச்சோ பெரும்பகுதி அவன் தாயின் சாவைச் சுற்றியே போகிறது: அழவில்லை, சவத்தின் அருகில் சிகரெட் பிடித்தான், பால் காப்பி குடித்தான். அவன் தலை போவது கொலைக்காகவா, காப்பிக்காகவா என்று நமக்கே சந்தேகம் வந்துவிடும். அந்த மெர்சோவுக்கு ஆட்டிசம் என்று வாதிடுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள். அவன் மீது இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனால் அரசு வழக்கறிஞர் அடுக்கிய அதே சான்றுகளைத்தான் இவர்களும் எடுத்து அடுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட நம் விஷயத்துக்கு நெருக்கமானவன் பார்ட்டில்பி. ஹெர்மன் மெல்வில் 1853இல் வெளியிட்ட கதை. நியூயார்க் வக்கீல் ஒருவரின் அலுவலகத்தில் பத்திரங்களைப் படியெடுக்கும் எழுத்தன் அவன். எந்த வேலை சொன்னாலும், செய்யாமல் இருப்பதையே விரும்புவதாக அமைதியாகச் சொல்லிவிடுவான். இரவிலும் அலுவலகத்திலேயே குடியிருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அங்கேயே வாழ்வதைக் கண்டுபிடிக்கும் வக்கீலுக்கு முதலில் துக்கம் பொங்குகிறது. யோசிக்க யோசிக்க அந்தத் துக்கம் பயமாகவும் வெறுப்பாகவும் மாறுகிறது. கடைசியில், இவனுக்கு இருப்பது பிறவியிலேயே வந்த, தீராத கோளாறு என்று முடிவுகட்டுகிறார். முடிவுகட்டியதும் அடுத்து என்ன செய்யத் தீர்மானிக்கிறார் தெரியுமா? பணம் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று. இன்று பார்ட்டில்பிக்கு மனச்சோர்வு, மனச்சிதைவு, ஆட்டிசம் என்று வகை வகையாக எழுதியிருக்கிறார்கள். முதல் நோய்ப்பெயரைக் கதைக்குள்ளேயே வக்கீல் வைத்துவிட்டார், அது யாருக்கு நிம்மதி தந்தது என்பதையும் மெல்வில் காட்டிவிட்டார் என்பதை அவர்கள் ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள். பார்ட்டில்பி சிறையில் சாப்பிடாமல் செத்துப்போகிறான். அந்தப் பெயர் அவனுக்கு ஒரு கவளம் சோறு போடவில்லை.

நாங்கள் நோயின் பெயரை எழுதுவது எதற்காக? எந்த மருந்து, எந்தப் பயிற்சி, என்ன சலுகை, இனி என்ன எதிர்பார்க்கலாம் என்று சொல்வதற்காக. ஆட்டிசத்தை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோயின் பெயர் இல்லாமல் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கிடையாது. உயிருள்ள ஒருவருக்கு அந்தக் காகிதம் சோறு. கதாபாத்திரத்துக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பெயர்களுக்கு ஆயுளும் குறைவு. துப்பறியும் கதைநாயகர் ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் பிறந்தவர். படைத்த கோனன் டாயில் மருத்துவர், கூடவே குடியிருந்த வாட்சனும் மருத்துவர். கொக்கெயின் ஊசியைக் கண்டித்த வாட்சன், நண்பரின் குணத்துக்கு நோய்ப்பெயர் வைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அஸ்பெர்கர் குறைபாடு என்றார்கள். ஹான்ஸ் அஸ்பெர்கர் தம் கட்டுரையை எழுதியது 1944இல். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு அந்தப் பெயரைச் சேர்த்தது 1994இல், எடுத்துவிட்டு ஆட்டிசத்தோடு இணைத்தது 2013இல். உங்கள் மாணவி சொன்ன ஸ்கிசாய்டு ஆளுமையும் 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனி வகையாக இல்லை. அமெரிக்கக் கையேட்டில் இன்னும் இருக்கிறது. ஹோம்ஸ் மட்டும் அப்படியே இருக்கிறார். பத்து வருடம் கழித்துப் படிப்பவர் உங்கள் கதையில் காலாவதியான மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டுமா?

எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன், எழுதுகிறவர்களுக்குத் தெம்பாக இருக்கும். சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் தொடராக எழுதிய ‘பிக்விக்’ நாவலில் ஜோ என்று ஒரு குண்டுப் பையன் வருகிறான். நின்ற இடத்தில் தூங்குவான், குறட்டை விடுவான், எழுந்தால் சாப்பாடு. டிக்கன்ஸ் அவனுக்கு ஒரு நோயும் சொல்லவில்லை, பார்த்ததை எழுதினார். உடல் பருமனால் மூச்சு குறைந்து பகலெல்லாம் தூக்கம் தள்ளும் நிலைக்கு 1956இல் மருத்துவர்கள் ‘பிக்விக் நோய்க்குறி’ என்று அந்த நாவலின் பெயரையே வைத்தார்கள். கண் சரியாக இருந்தால் போதும், பெயர் பின்னால் வந்து சேரும்.

பாத்திரங்களுக்கு நோய் சொல்லவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது நானே கதாபாத்திரங்களைப் பயன்படுத்துவதுண்டு. நோயாளி யாருடைய அந்தரங்கமும் வெளியே வராது, விவாதம் சூடாக நடக்கும். ஆனால் அங்கே அது பயிற்சி என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசி வரிசை இளைஞரிடம் வருகிறேன். அன்றைய கூட்டத்தில் கதையை ஒழுங்காகப் படித்தவர் அவர்தான் என்பது என் எண்ணம். மற்றவர்கள் அந்த மனிதரிடம் என்ன கோளாறு என்று தேடினார்கள். இவர், என்னைப் போல ஒருவர் இருக்கிறார் என்று சொன்னார். அப்படிச் சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு, அதற்கு என் கையெழுத்தும் தேவையில்லை, உங்கள் பத்தியும் தேவையில்லை. நீங்கள் பெயர் சொல்லாமலே அவர் தம்மைக் கண்டுகொண்டாரே! அதே சமயம், அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். நம் கதைகளில் இப்படிப்பட்டவர்கள் ‘ஒரு மாதிரியானவர்’, ‘கிறுக்கு’, ‘சித்தர் போல’ என்று வந்துபோகிறார்களே தவிர, தமக்கு ஆட்டிசம் என்று தெரிந்து, அதோடு பஸ் ஏறி, வேலைக்குப் போய், வீட்டு வாடகை கட்டும் மனிதராக வருவது அரிது. அவருக்கு வேண்டியது அந்தக் கதை. அதைத் தனியாக எழுதுங்கள், அவரோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். விறகு பிளந்தவர் தலையில் அதைக் கட்டாதீர்கள். எழுதும்போது அவரை மேதையாக்கிவிடாதீர்கள். கல்யாணம் செய்துவைத்துக் குணப்படுத்தாதீர்கள். நோயின் பெயரைக் கடைசிப் பத்தி வரை மறைத்துவைத்து வாசகரைத் திடுக்கிடவும் வைக்காதீர்கள். இந்த மூன்றும் எங்களிடம் வரும் குடும்பங்களுக்கு மிகுந்த தொல்லை கொடுத்திருக்கின்றன.

கோபித்துக்கொண்டு எழுந்த பெரியவருக்கும் ஒரு வார்த்தை. சட்டம் அவர் பக்கம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஊரில் நிலவும் ஒழுக்கத்துக்கோ பண்பாட்டுக்கோ வேலை முறைக்கோ நம்பிக்கைக்கோ ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சாவுக்குப் போகாதது நோய் இல்லை. ஆனால் அவர் பக்கம் சாய்ந்து நான் முழுக்கப் பேசமாட்டேன். பட்டினத்தார் வாழ்ந்த மண் இது, ஒதுங்கி இருப்பவரை விட்டுவிடுங்கள் என்று பெருமையாகச் சொல்லும் இதே மண்ணில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டு ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். அவர்களில் மருத்துவம் கிடைத்திருந்தால் வீட்டில் இருந்திருக்கக் கூடியவர்கள் இருந்திருப்பார்கள். தனிமையைப் போற்றுகிறேன் என்று துன்பத்தைப் பார்க்காமல் விடுவது, எல்லாவற்றுக்கும் நோய்ப்பெயர் வைப்பதைவிட எந்த விதத்திலும் மேலானதில்லை.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகள் கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுகின்றன. கதையில் வருபவரை விட்டுவிடலாம். சித்தப்பாவை அப்படி விட முடியாது. அவரிடம் கேட்க ஆள் இருக்கிறார், பதில் சொல்ல அவரும் இருக்கிறார்.

நோயைத் தேடிக்கொண்டு போகாதீர்கள், வழக்கம்போலப் போய்ப் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று கவனியுங்கள். வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வயதானவர்கள் கூட்டத்தை விட்டு ஒதுங்குவதற்குச் செவித்திறன் குறைவு மிகச் சாதாரணமான காரணம். பாதி காதில் விழாமல் உளறிவிடுவோமோ என்ற கூச்சம் அது. சேலத்தில் ஒரு காது மருத்துவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்தது, அவர் எப்போதும் இப்படியா, சமீபத்தில் மாறினாரா என்பது. உங்கள் அம்மாவுக்கோ அவர் வயதுக்காரர்களுக்கோ தெரியும். இளமையிலிருந்தே இப்படித்தான், சாப்பிடுகிறார், தூங்குகிறார், மிளகு விற்ற பணத்தை எண்ணி வாங்குகிறார், மழையை எழுதுகிறார் என்றால் அவரை அவர் போக்கில் விடுங்கள். இளைத்துப் போயிருந்தால், சமையல் நின்றிருந்தால், விரும்பிச் செய்த வேலையைத் திடீரென்று விட்டிருந்தால், பொருள்களை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தால், யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று பேசினால், வந்த வழியை மறந்தால், தாமதிக்காதீர்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மலையிலிருந்து இறங்க மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) நீங்களே முதலில் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது.

மகனுக்கு இந்தப் பதிலைக் கொடுங்கள். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் சித்தப்பாவின் பெயரைச் சொல்லும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்வதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த முறை நாகலூர் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். அந்தப் பேரேடு உண்மையிலேயே இருக்கிறதென்றால், போன ஏப்ரலில் எவ்வளவு மழை என்று அவரே சித்தப்பாவிடம் கேட்கட்டும்.